வேர்லேயின் மூக்கு

குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது வேர்லேயின் மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. காபி வெறும் சுடுதண்ணீராக இறங்கியது. வெங்காயம் வதக்கினால் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேறு யாராவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பார்கள். வேர்லேக்கோ மூக்குதான் சோறு போட்டது. பெல்ஜியத்தில் போபெரிங்க ஊரை ஒட்டி, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்கொடித் தோட்டங்களுக்கு நடுவே, புருஷன் யோரிஸோடு சேர்ந்து சிறியதாக ஒரு பீர் பட்டறை நடத்திவந்தாள்.

அந்த வருஷம் அவள் புதிதாக ஒன்றில் கை வைத்திருந்தாள். ஹாப்ஸை அள்ளிப்போட்டு நல்ல கசப்பும் மணமுமாக ஒரு பீர். அந்த மாதிரிக் கசப்புப் பீருக்கு மற்ற ஊர்க்காரர்கள் தன் மணத்தைக் காட்டாத, வாய் திறக்காத ஈஸ்டைத்தான் போடுவார்கள். அவளோ தங்கள் பெல்ஜிய ஈஸ்டையே போட்டாள். புளிக்கும்போதே வாழைப்பழம், கிராம்பு, மிளகு என்று மணத்தாலேயே ஊரைக் கூட்டுகிற ஈஸ்ட் அது.

முதல் தடவை காய்ச்சிய பீரை யோரிஸ் குடித்துப் பார்த்தான்.

“நல்லாத்தான் இருக்கு, வேர்லே.”

கருகிப்போன அடையையும் நல்லா இருக்கு என்று தின்கிற மனுஷன். அவன் சொல்லை நம்ப முடியாமல், ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் காஸ்தோனிடம் போனாள். அவரும் பீர் காய்ச்சுகிறவர்தான். ஒரு திருவிழாப் போட்டியில் பரிசு யாருக்கு என்பதில் முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை; முகத்துக்காகப் பொய் சொல்லமாட்டார் என்றுதான் போனாள்.

காஸ்தோன் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று தள்ளிப் பிடித்தார்.

“இது பீரா, நகப்பூச்சா? ஏம்மா, இதக் குடிச்சா என் மீசை உதிர்ந்துரும் போலயே!”

வேர்லே கொதித்துப்போய் வீடு திரும்பினாள். “பொறாம புடிச்ச கிழம்! வேணும்னே சொல்றாரு.”

யோரிஸ் தரையைப் பார்த்தான். “எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. உன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?”

அன்று சாயங்காலமே தொட்டியைத் திறந்து அத்தனையையும் சாக்கடையில் விட்டாள். ஈஸ்ட் சூடேறிப்போனால் அப்படித்தான் நாறும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அடுத்த முறை காய்ச்சும்போது, கூப்பிடாமலே காஸ்தோன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“உன் புருஷன் நல்லவன். பீருக்கு அந்த நல்ல மனசு ஆகாது. நான் மோந்து சொல்றேன், நீ செய்.”

அதன்பிறகு வாராவாரம் வந்தார். தொட்டிக் குழாயில் கொஞ்சம் பிடித்து மோந்து, “ஹாப்ஸ் கத்துற கத்துல ஈஸ்ட் பேசறதே கேக்கல” என்பார். அந்தத் தொட்டியும் சரியில்லாமல் போயிற்று. அதற்கடுத்த முறை அவள் ஹாப்ஸைக் குறைத்தாள், சூட்டை ஒரு படி இறக்கினாள். எதுவுமே மணக்காமல், அவர் வாயை நம்பியே ஒரு பீரைக் காய்ச்சி முடித்தாள். கண் தெரியாதவள் பிறத்தியார் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பது போலத்தான் இருந்தது.

ஹாப்ஸ் பறிக்கும் காலத்தில் அந்தப் பாட்டில்கள் திறக்கிற பதத்துக்கு வந்தன. முற்றத்தில் மேசை போட்டு, யோரிஸ் பாலாடைக்கட்டியைத் துண்டுபோட்டுக் கடுகு விழுதோடு வைத்தான். வேர்லே மூன்று கிளாஸில் ஊற்றினாள். நுரை வெண்மையாகத் திரண்டு நின்றது.

காஸ்தோன் மோந்தார், குடித்தார், மறுபடி மோந்தார். “சரியா இருக்கு” என்றார்.

அந்த வாயிலிருந்து வந்தால் அது மாலை போட்ட மாதிரி. வேர்லே தலையை ஆட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் தானும் ஒரு வாய் குடித்தாள். நாக்குக்குத் தெரிந்த கசப்பு, குறுகுறுவென்று குமிழி, அவ்வளவுதான். இன்னொரு வாய் குடித்தாள்.

“கிராம்பு கொஞ்சம் தூக்கலா இல்ல?”

“எங்க தூக்கல்? அளவாத்தான் இருக்கு” என்று காஸ்தோன் சண்டைக்குக் கிளம்பினார். “நானே மோந்து பாத்து... ஏம்மா, என்ன சொன்ன?”

யோரிஸ் கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டான்.

வேர்லே கிளாஸுக்குள் மூக்கை விட்டாள். மெல்லிய புகை போலக் கிராம்பு. அதன் பின்னால், எட்ட எங்கோ, உரித்த பம்ப்ளிமாஸ் தோலின் வாடை; அவள் போட்ட ஹாப்ஸ்தான். ஒரு கணம் விட்டுப்போய்த் திரும்ப வந்தது. எழுந்துபோய் யோரிஸின் சட்டைக் காலரை மோந்தாள். வியர்வையும், முளைகட்டிய பார்லியின் மால்ட் வாடையும். கடுகுக் கிண்ணத்தை மோந்து கண்ணீர் விட்டாள். அது கடுகினால் மட்டுமல்ல என்று மூவருக்கும் தெரிந்தது.

“மூக்கு வந்ததும் வராததுமா என்கிட்டயே குறையா?” என்று காஸ்தோன் முறைத்தார். ஆனால் மீசைக்குள் சிரிப்பு துடித்தது.

“அண்ணே, நீங்க இல்லன்னா...”

“அதெல்லாம் வேணாம். ஊத்து.”

அவள் ஊற்றினாள். நன்றி என்ற சொல்லை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதனால் நுரை வழிய வழிய ஊற்றினாள். பாலாடைக்கட்டி தீர்ந்ததும் யோரிஸ் உள்ளே போய் வெங்காயம் வதக்கத் தொடங்கினான். சன்னல் வழியாக அந்த மணம் முற்றத்துக்கு வந்தபோது, வேர்லே பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.