நினியன் இடிக்காத புறா மாடம்

பல்காரன் என்ற பண்ணையின் புறா மாடத்தை இடிக்க ஆள் வேண்டும் என்றதும் நினியன் முந்திக்கொண்டு போனான். அந்த ஃபைஃப் வட்டாரக் கடற்கரையில் அவனை மிஞ்சிய கொத்தனார் இல்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அவன் அப்பா கில்பர்ட்டின் குத்தகை நிலத்துப் பார்லியை வருஷந்தோறும் தின்று தீர்த்தவை அந்தப் புறாக்கள்தான். கை தட்டி விரட்டலாம்; ஒன்றைக் கொன்றால் சட்டம் விடாது. வளர்க்கும் உரிமை பண்ணையாருக்கு, தீனி போடும் பாக்கியம் குத்தகைக்காரனுக்கு.

புதுக் குதிரை லாயத்துக்கு மாடத்தின் கல் வேண்டும் என்றார் பண்ணையார். மாடம் இடிந்தால் வருஷத்துக்குள் வீட்டு எஜமானி செத்துப்போவாள் என்று சமையல்கட்டில் பேசிக்கொண்டார்கள். பண்ணையாரின் மனைவி யூஃபீமியா அதைக் கேட்டுச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை நினியன் குனிந்து உள்ளே நுழைந்தான். புறாக்கள் ஒரே இரைச்சலாக எழுந்து கூரைத் துவாரம் வழியே வெளியேறின. வட்டச் சுவர் முழுக்க, இடுப்பு உயரத்திலிருந்து உச்சிவரை, ஆயிரத்துக்கு மேல் கூடுகள். நடுவே ஓக் மரத் தூண். அதிலிருந்து நீண்ட மரக் கைகளில் ஓர் ஏணி. உச்சியிலிருந்து தொடங்கலாம் என்று ஏறியவன், பிடிமானத்துக்குச் சுவரைத் தொட்டான். அவனையும் சுமந்துகொண்டு தூணோடு சேர்ந்து ஏணி சுற்றியது. இருநூறு வருஷத்துத் தூண், ஒரு முனகல்கூட இல்லை.

ஒரு கூட்டுக்குள் கையை விட்டான். முழங்கைவரை போய்ப் பக்கவாட்டில் வளைந்தது. பறவை மறைந்து உட்காரவும் திரும்பவும் இடம். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். சுவர் வரிசைக்கு வரிசை சமமாக உள்வாங்கிக் கூரையாக மூடியிருந்தது, ஒரு மரச் சட்டம்கூட இல்லாமல். போன வருஷம் அவன் கட்டிய தேவாலயச் சுவரில் ஒரு புடைப்பு உண்டு. அவனுக்கு மட்டும் தெரியும்.

மத்தியானம்வரை சுத்தியல் சத்தம் கேட்காததால் யூஃபீமியாவே வந்துவிட்டாள்.

"என்னப்பா, சுவரு இடிய மாட்டேங்குதா?"

"இடியும்மா. ரெண்டு வாரத்துல தரைமட்டமாக்கிடலாம். இதே மாதிரி திரும்பக் கட்டுன்னா எனக்குக் கட்டத் தெரியாது."

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நினியன் ஒற்றை விரலால் தூணைத் தள்ளினான். மஞ்சள் ரோமக் குஞ்சுகள் கூட்டுக்குக் கூடு வாயைப் பிளக்க, அவள் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தாள்.

"நான் சாவுக்குப் பயந்து நிறுத்திட்டேன்னு பேசுவாங்களே."

"பேசட்டும்மா."

"லாயத்துக்குக் கல்லு எங்கேன்னு அவர் கேட்டா என்ன சொல்றது?"

"குவாரியில நான் வெட்டித் தர்றேன்."

யோசிக்காமல் சொல்லிவிட்டான். குளிர்காலம் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டிய வேலை அது. சொன்னது சொன்னதாக இருக்கட்டும் என்று, அப்பாவின் பார்லியைப் பற்றியும் பேசினான். விதைப்பிலும் அறுப்பிலும் புறாக்களை அடைத்துவைத்துப் பண்ணைக் களஞ்சியத்திலிருந்து தீனி போட வேண்டும். பண்ணைத் தோட்டத்துக்கு மட்டும் உரமாகப் போகும் புறா எச்சம் குத்தகை நிலங்களுக்கும் வர வேண்டும் என்றான். அவள் கணவனோடு இரண்டு நாள் வாதாடி அதை வாங்கித் தந்தாள்.

கில்பர்ட்டுக்கு மனசு ஆறவில்லை. "இடிக்கப் போனியா, இல்ல கும்பிடப் போனியாடா?" என்று கேட்டவர் கிறிஸ்துமஸ் கழியும்வரை மகனோடு பேசவில்லை. மார்ச்சில் முதல் வண்டி எச்சம் நிலத்தில் கொட்டியபோது ஒரு பிடி அள்ளி முகர்ந்துபார்த்தார். இன்னும் ரெண்டு வண்டி கேட்டு வாங்கு என்றார்.

கை வெடிக்கக் கல் வெட்டிய நினியன், ஞாயிறுதோறும் நூலும் அளவுகோலுமாக மாடத்துக்குப் போய்வந்தான். மூன்று வருஷம் கழித்துப் பக்கத்துப் பண்ணையில் புதிதாக ஒரு மாடம் கட்டச் சொன்னார்கள். அதே நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்ளவைத்துவிட்டுத்தான் கல்லைத் தொட்டான். சிறியதுதான், முந்நூறு கூடு. உச்சிக் கல்லை வைத்து அவன் இறங்கியபோது, எங்கிருந்தோ வந்த ஒரு ஜோடி மூன்றாம் வரிசையில் குச்சி சேர்க்கத் தொடங்கியிருந்தது.