வயர்லெஸ்ஸில் பெரியவர்

நைரோபியிலிருந்து அம்போசெலி வனவிலங்குப் பூங்காவுக்குப் போய், ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் திரும்புகிற சவாரியைப் போல மனிதனை முறித்துப் போடுவது வேறில்லை. மாநாட்டுக்கு வந்து, விமானம் ஏற ஒரு நாள் மிச்சம் இருப்பவர்கள்தான் இதற்கு வருவார்கள். அந்த ஒரு நாளில் அவர்களுக்கு ஆப்பிரிக்கா முழுவதும் வேண்டும். யானை வேண்டும், சிங்கம் கட்டாயம் வேண்டும். கிளிமஞ்சாரோவை மேகம் மூடினால்கூட டிரைவரைத்தான் முறைப்பார்கள்.

இந்தத் தடவை எனக்குப் போகவே மனமில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரலில் நீர். டாக்டர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் முதலாளியம்மா வைரிமுவிடம் ஒரு ராத்திரி லீவு கேட்டேன்.

"கியாலோ, போன மாசமும் உங்க அப்பா இப்படித்தான் இழுத்துக்கிட்டுக் கெடந்தார். அப்புறம் எழுந்து உக்காந்து உகாலிக் களி சாப்பிடலையா? நான் வேற டிரைவருக்கு எங்க போவேன்?" என்றாள்.

அப்பாவிடம் சொன்னபோது, "போயிட்டு வாடா. நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார். மூச்சு வாங்கியதே தவிர நக்கல் குறையவில்லை. தங்கை முவேனியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மொம்பாசா சாலை முழுக்க லாரி. ஆஸ்பத்திரி பெஞ்சில் விழித்திருந்த கண் எரிந்தது. பின் சீட்டில் டச்சுக்காரர் யோஸ்ட், அவர் மனைவி மரீகே. நல்ல மனிதர்கள். அதுவே எரிச்சலாக இருந்தது, மனதுக்குள் திட்டக்கூட வழியில்லை. வழியில் டீக்கு நிறுத்தியபோது அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இன்றைக்கே சிங்கத்தைப் பார்த்துவிட்டால் காலைச் சுற்றை விட்டுவிடலாம், விடிந்ததும் திரும்பிவிடலாம் என்று யோஸ்ட் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்களைவிட எனக்குத்தான் சிங்கம் தேவைப்பட்டது.

எங்கள் வயர்லெஸ்ஸில் மிருகத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம். சிம்பா என்றால் சிங்கம் என்று நேற்று வந்திறங்கியவனுக்கும் தெரியும். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அது எழுந்து போய்விட்டால் வழியெல்லாம் புலம்பல்தான். அதனால் மரத்தில் கிடக்கும் சிறுத்தை மாடிக்காரர், ஆண் சிங்கம் பெரியவர்.

மத்தியானத்திலிருந்து சதுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அந்தப் பக்கம் செல்போன் எடுக்காது. யானைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. சிங்கத்தின் வால் நுனிகூடக் கண்ணில் படவில்லை. வெயில் சாய ஆரம்பித்தபோது வயர்லெஸ்ஸில் முட்டிண்டாவின் குரல் வந்தது. அவனும் எங்கள் கம்பெனி டிரைவர், எங்கள் ஊர்க்காரன்.

"கியாலோ, பெரியவர் படுத்துட்டாருப்பா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எங்கடா?"

"நான் பூங்கா கேட் பக்கத்துல நிக்கிறேன். நீ வா."

"தனியாவா, குடும்பத்தோடவா?"

"குடும்பம் கூடத்தான் இருந்துச்சாம்."

"எழுந்திரிக்கிறதுக்குள்ள வந்துடறேன். அங்கேயே நில்லு."

பதிலுக்குக் காத்திராமல் வண்டியை விரட்டினேன். வயர்லெஸ் எல்லா டிரைவருக்கும் கேட்கும். கண்ணாடியில் பார்த்தேன், என் புழுதிக்குப் பின்னால் வண்டி மேல் வண்டியாக வந்துகொண்டிருந்தது. மரீகே கூரையைத் திறந்து எழுந்து நின்றாள். யோஸ்ட் என் தோளைத் தட்டி, "உங்க அப்பாவைக் காலையில பாத்துடலாம்" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன்.

கேட்டுக்கு அருகில் முட்டிண்டா தரையில் நின்றுகொண்டிருந்தான். தொப்பி கையில் இருந்தது.

"அறிவிருக்கா உனக்கு? ஏறுடா வண்டில. பெரியவர் எங்க?"

"டேய், உங்க அப்பாடா" என்றான். "உனக்குப் போன் எடுக்கலன்னு முவேனி எனக்குப் போட்டா. அத்தனை பேரு கேக்கற வயர்லெஸ்ல நான் வேற எப்படிடா சொல்லுவேன்?"

வண்டியின் படியில் உட்கார்ந்தேன்.

அதற்குள் எல்லா வண்டிகளும் வந்து வட்டமாக நின்றுவிட்டன. கூரைக்கு மேல் வரிசையாக காமிராக்கள். எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டிரைவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஒவ்வொருவராக இறங்கி வந்து, "போலே, கியாலோ" என்று துக்கம் விசாரித்து என் கையைப் பிடித்தார்கள். யோஸ்டுக்கும் புரிந்திருக்க வேண்டும். காமிராவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அழவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். அப்பா செத்துப்போனார் என்ற செய்தியைக் கேட்டு சந்தோஷமாக வண்டி ஓட்டி வந்திருக்கிறேன் என்ற நினைப்புதான் விட்டுப் போகவில்லை.

முட்டிண்டா என் பக்கத்தில் உட்கார்ந்தான். "கேட்டு மூட இன்னும் நேரமிருக்கு. நீ கெளம்பு. உன் ஆளுங்கள நான் பாத்துக்கறேன். வைரிமு மேடம்கிட்ட பேசிட்டேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாங்க. உனக்கு ஒரு வாரம் லீவு போட்டுட்டாங்க."

"ஒரு வாரமா?" என்றேன். "எனக்கு இந்த ஒரு ராத்திரி போதும்னுதானடா நேத்து கேட்டேன்."