டாக்டரிடம் நான் சொன்ன பதில்

அந்த வியாழக்கிழமை மாலை, ஜெபமாலைக்கு வருகிறவர்களுக்காக என் மனைவி அந்தோனியம்மாள் கேசரி கிண்டினாள். முந்திரி போதாது என்று என்னைக் கீழே கடைக்கு அனுப்பினாள். சிங்கப்பூரில், எங்கள் மார்சிலிங் வீட்டில் அவள் எப்போதும்போலச் செய்த கடைசி வேலை அதுதான்.

ஜெபத்தை அவள்தான் முன்னால் சொல்வாள். அன்று நான்காம் மறையுண்மையில், சொல்லவேண்டிய பத்து 'அருள் நிறைந்த மரியே' முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. பதினைந்தாவதில் பக்கத்து பிளாக் சூசைநாதன் சிரித்துவிட்டார்.

"அக்கா, இன்னைக்கு மாதாவுக்கு ஓவர்டைம் லா!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள்.

"எண்ணக்கூட மறந்துபோச்சா?" என்றேன், அத்தனை பேர் முன்னால்.

அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணத்தன்றே, "பையன் அக்காவோட நிக்கிறான்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவளை ஒருவரும் கிழவி என்று சொல்லிவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. அவளுக்கு எழுபத்தொன்பது ஆகியும் அது போகவில்லை.

மறுநாள் அவள் சாப்பிடவில்லை. லேசான இருமல் இருந்தது. முந்தின வாரம் எனக்கு வந்து மூன்று நாளில் போன அதே இருமல். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். லிஃப்டில், "இது தேக்கா மார்க்கெட்டா?" என்று கேட்டாள்.

"டாக்டர்கிட்ட நீ ஒண்ணும் பேசாதே. நான் பேசிக்கிறேன்."

காய்ச்சல் இல்லை. முப்பத்தாறு புள்ளி எட்டு டிகிரிதான். டாக்டர் இளம்பெண், தமிழ் பேசினார்.

"அங்கிள், ஆன்ட்டி ஏதாவது குழப்பமா பேசுறாங்களா? மறதி, தடுமாற்றம்?"

"சே, அதெல்லாம் இல்ல. ஞானோபதேச டீச்சரா இருந்தவங்க. ரொம்ப ஷார்ப்."

அந்தோனியம்மாள் என் சட்டையின் கையைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை மீறவில்லை.

இருமல் மருந்தோடு திரும்பினோம். ஞாயிறு காலை அவள் உதடு நீலமாகியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. வயதான உடம்புக்குச் சில நேரம் காய்ச்சலைக் கிளப்பவும் வலு இருக்காது, மனக்குழப்பம்தான் முதலில் தெரியும் என்றார் மருத்துவமனை டாக்டர்.

"குழப்பம் எத்தனை நாளா இருக்கு?"

"இன்னைக்குத்தான்" என்றேன்.

புதன்கிழமை அவள் போய்விட்டாள்.

எட்டு மாதம் ஆகிறது. தெம்பனிஸிலிருந்து மகள் செரினா சனிக்கிழமைதோறும் வருகிறாள். அந்தக் கிளினிக்கைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"காய்ச்சல் இல்லன்னு அனுப்பிட்டாளேப்பா. அம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

டாக்டர் கேட்டார் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.