மதகு திறந்த வாரம்

ஏரிக்கு நடுவே நிற்கும் மரங்களில் எத்தனை கூடு, எத்தனை குஞ்சு என்று எண்ணி எழுதுவது வனத்துறையில் அக்காவின் வேலை. அதே ஏரியின் மதகைத் திறந்து மூடுவது தம்பியின் வேலை. மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து இறங்கிவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோகும். "உன் பொறந்த வீட்டு ஆளுங்க வந்தாச்சு போல" என்று தம்பி கேலி செய்வான்.

அந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு கூடுகள். குஞ்சுகளுக்கு இறகு முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று நாள் விடாத மழை. ஏரி நிரம்பி, கரையோரத் தெருவில் தண்ணீர் ஏறியது. தம்பியின் வீடும் அங்கேதான். அவன் போன் செய்தான்.

"அக்கா, தண்ணி பிள்ளையோட தொட்டில் வரைக்கும் வந்துடுச்சு. மதகைத் திறக்கப் போறேன்."

"திறடா, கேட்டுக்கிட்டு நிக்காதே. ஆனா ஒரு அடிக்கு மேல தூக்காதே. மரத்தடியில தண்ணி நிக்கணும்."

"சரிக்கா."

முதலில் ஒரு அடிதான் தூக்கினான். இடுப்பளவு தண்ணீரில் கிழவர்களைத் தோளில் சுமந்து வந்தவர்கள் போதாது என்று கத்தினார்கள். முழுக்கத் தூக்கிவிட்டான். மாலைக்குள் தெரு வடிந்தது. ஆனால் கதவை இறக்கப்போனால், திருகுக் கம்பி வளைந்து அப்படியே சிக்கிக்கொண்டது. மெக்கானிக் வந்து சரிசெய்ய நான்கு நாள் ஆயிற்று.

அதற்குள் மரங்களைச் சுற்றி வெறும் சேறு. நாய்கள் மரத்தடி வரை நடந்தே வந்துவிட்டன. கீழே குரைப்புச் சத்தம் ஓயாததால் பெரிய நாரைகள் ஒரு பகல் முழுக்க வட்டமடித்தன, மறுநாள் ஒன்றைக்கூடக் காணவில்லை. கூடுகளில் குஞ்சுகள் இரண்டு நாள் கத்தின. பிறகு அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அக்கா முழங்கால் சேற்றில் மரம் மரமாகப் போனாள். தம்பி பின்னாலேயே வந்தான்.

"ரெண்டு வார்த்தை திட்டவாவது செய்யேன்க்கா."

"திட்டினா எது எழுந்து வரப்போகுது? நோட்டைப் பிடி. நான் சொல்லச் சொல்ல எழுது."

எழுதினான். அழிந்த கூடுகள் நூற்றெழுபதைத் தாண்டியபோது அவன் கை ஓடவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உன் இடத்துல நான் இருந்தாலும் முழுசாத்தான் தூக்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆறலடா."

உயிரோடு கிடைத்தவை ஒன்பது குஞ்சுகள். வனத்துறைக் கொட்டகையில் வைத்துப் பொடிமீன் ஊட்டினாள். இரண்டு பறந்தன.

அடுத்த பருவத்தில் நாரைகள் வரவில்லை. அக்கா மாற்றல் கேட்டு வேறு ஏரிக்குப் போய்விட்டாள். வாரம் தவறாமல் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். தொட்டிலில் கிடந்த பிள்ளை இப்போது ஓடுகிறது, கீழே விழுகிறது, அத்தை என்று கூப்பிடுகிறது. எல்லாம் பேசுவார்கள். ஏரியைப் பற்றி அவள் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.