வட்டை விஜி மில் வாங்கப் போன நாள்

அன்று பின்னேரம் கொக்கட்டிச்சோலை அரிசி மில்லின் அலுவலக அறையில் இருந்தவர்கள்: றப் பாடகன் விஜிதரன் (ஊரார் வாயில் வட்டை விஜி), அவனுடைய பாட்டுகளுக்கு பீட் செய்யும் காத்தான்குடி முனாஸ், கொழும்பு இசைக் கொம்பனி ஒன்றின் ஆள் சிறில், மில்லை நடத்தும் தங்கராசா. மேசையில் ஒரு கோடி ரூபாய்க்கான ஒப்பந்தமும் இருந்தது. அதையும் ஆளாகக் கணக்கெடுத்தால் ஐந்து பேர்.

இருட்டுவதற்குள் மில் தன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று விஜி காலையிலேயே முடிவு கட்டியிருந்தான். கால் நிலத்தில் நிற்கவில்லை. கதிரையில் இருந்தபடியே முழங்கால் தாளம் போட்டது.

நாலு வருசத்துக்கு முன் அவன் ஒரு கடையில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தான். மாமனின் வயலைப் பற்றி, வயல்வெளிக்கு ஊர்ச்சொல்லான 'வட்டை' என்ற பேரில் ஒரு பாட்டை எழுதி, சுவரில் மெத்தை சாத்திய அறைக்குள் பாடி யூரியூப்பில் போட்டான். ஊரில் சிரித்தார்கள். ரொறன்ரோவில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வந்த காசில் அவன் போன் மாற்றவில்லை, ஸ்பீக்கர் வாங்கினான். அது கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வாடகைக்குப் போய் ரீசேட்டும் தொப்பியும் அடிக்கக் காசு கொண்டுவந்தது. பிறகு எவனோ பாட்டுக்குக் கீழே எழுதினான்: "பாட்டு இருக்கு, அரிசி எங்க?"

நாலாயிரம் பேர் அதைப் பகிடியாக எடுத்து லைக் போட்டார்கள். விஜி பகிடியாக எடுக்கவில்லை. மாமனின் சிவப்பரிசியை ஐந்து கிலோப் பைகளில் கட்டி, 'வட்டை' என்று அடித்து, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீட்டுப் போட்டான். சீட்டைப் போனில் காட்டினால் வேறெங்கும் கிடைக்காத எட்டு வரி பாடும். போகத்துக்கு ஒரு புது எட்டு வரி. வரிக்காக அரிசி வாங்கியவன் சோற்றைத் தின்றுவிட்டு மறுபடியும் வாங்கினான். இப்போது கனடாவுக்கு மட்டும் பன்னிரண்டு தொன் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களின் மில்லில் வரிசையில் நின்று அவ்வளவு நெல்லைக் குத்துவிக்க முடியாது.

அதனால்தான் தன் பதினான்கு பாட்டையும் சிறிலின் கொம்பனிக்கு விற்க வந்திருந்தான். ஒரு கோடியில் எண்பது இலட்சம் தங்கராசாவுக்கு, மிச்சம் மெசினுக்கு.

"ஒவ்வொரு பக்கத்திலயும் சின்னக் கையெழுத்து, கடைசியில பெரிய கையெழுத்து" என்றார் சிறில்.

விஜி பேனையைத் திறந்தான். வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

வந்தவள் கேதீஸ்வரி, தங்கராசாவின் மூத்த மகள், மில்லுக்குப் பின்வீட்டில் இருப்பவள். கையில் பழைய கடதாசிக் கோவை ஒன்று.

"யாருட மில்ல யாருக்கு விக்கிறீங்க அப்பா?"

"புள்ள, நீ வீட்ட போ. நாங்க முக்கியமான அலுவல் கதைக்கிறம்."

"அந்த அலுவலுக்குத்தான் நானும் வந்தன்." கோவையைப் பிரித்து காணி உறுதிப் பத்திரத்தை ஒப்பந்தத்தின் மேலேயே வைத்தாள். "வளவு, வீடு, கிணறு, வளவுக்குள்ள நிக்கிற கட்டடம் எல்லாம். என்ட கலியாணத்துக்கு நீங்க எழுதித் தந்த சீதனம்."

தங்கராசா உறுதியைத் தூரப்பிடித்துப் பார்த்தார். "ஓம், எழுதினதுதான். மறுகா நானே நடத்தினதால மறந்து போச்சு."

விஜிக்குக் காது சுட்டது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவன் அக்காவுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் மில் என்றதும் அது ஆம்பிளைச் சொத்து என்று நினைத்து, உறுதியைக் கேட்காமலே ஒரு மாதமாகத் தகப்பனோடு விலை பேசியிருக்கிறான்.

முனாஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "சீதனத்த வாங்க வந்திரிக்கம் மச்சான். தாலிக்கொடி கொண்டு வந்தியா?"

"தாலி கட்டினவர் கட்டாருல நிக்கார். நீ வாய மூடு தம்பி" என்றாள் கேதீஸ்வரி. பிறகு விஜியைப் பார்த்தாள். "விக்க மாட்டன். குத்தகைக்குத் தாறன். முன்காசு வேணாம். குத்துற பத்துப் பையில ஒரு பையிட காசு எனக்கு."

"அக்கா, என்ட பாட்டுக் கேப்பீங்களா?"

"வாய்க்குள்ள கல்லப் போட்டுக் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. ஆனா அரிசி விக்குது. எனக்கு அது போதும்."

விஜி சிரித்துவிட்டான். பத்தில் ஒன்று. கடன் இல்லை, விலை இல்லை, நாளைக்கே நெல்லை இறக்கலாம். முழங்கால் மறுபடி தாளம் பிடித்தது.

சிறில் உறுதியை மெல்ல ஒரு பக்கம் தள்ளினார். "நல்லதாப் போச்சு தம்பி. மில்லுக்குக் காசு தேவையில்ல, ஒரு கோடியும் உங்கட கையில நிக்கும். கையெழுத்த வையுங்க."

அதுவும் சரிதான். ஒரு கோடி. இலக்கத்தைப் பார்த்ததிலிருந்து வேறொன்றையும் அவன் பார்க்கவில்லை. கேதீஸ்வரி தாளைத் தன் பக்கம் இழுத்து, விரலை ஓடவிட்டு வாசித்தாள்.

"தம்பி, ஏழாவது பக்கம். 'வட்டை என்னும் பெயரும் அப்பெயரில் வெளியாகும் அனைத்தும்' எண்டு கிடக்கு. அரிசிப் பையில என்ன பேர்?"

விஜி எட்டிப் பார்த்து அந்த வரியை வாசித்தான்.

"அது வழமையா எழுதுற வசனம்" என்றார் சிறில்.

"வழமையா எத்தின பேருட பேர வாங்கியிருக்கிறீங்க?"

விஜிக்கு விசயம் பிடிபட்டது. கையெழுத்து வைத்திருந்தால் நாளைக்குத் தன் அரிசிப் பைக்குத் தானே பேர் வைக்க ஏலாது. பன்னிரண்டு தொன்னும் கொம்பனியின் பேரில் கப்பலேறும். பேனையை மூடினான்.

"சேர், பாட்டு விக்கிறதில்ல. வேணுமெண்டா ஒரு வருசக் குத்தகைக்கு எடுங்க, அக்காட மில்லப் போல. பேர் என்னட்டத்தான் நிக்கும்."

"கொம்பனி குத்தகைக்கு எடுக்காது தம்பி."

"அப்ப ரெண்டு பை அரிசி கொண்டு போங்க. எட்டு வரி ஓசி" என்றான் முனாஸ்.

சிறில் எழும்பினார். கோபமில்லை. தொழில் தெரிந்த மனிதன். "அஞ்சு நிமிசம். கொழும்போட கதைச்சிட்டு வாறன். தொகைய மாத்தலாம்." போனைக் காதில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.

விஜியின் கண் அவர் பின்னாலேயே போனது. "ஒண்டரைக் கோடி சொல்லுவாங்களோ..."

"சொல்லுவாங்க. ரெண்டும் சொல்லுவாங்க. நீ இளகிப் போவாய்" என்றாள் கேதீஸ்வரி.

"இல்ல அக்கா."

"உன்ட காலப் பாரு."

விஜி பார்த்தான். ஆடிக்கொண்டிருந்த முழங்காலை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தான். வெளியே சிறிலின் குரல் உயர்ந்தது. "ஓம் சேர், ரெண்டெண்டா முடிக்கலாம் சேர்."

விஜி கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டான்.

"அவர் திரும்பி வர முந்திக் கதவச் சாத்துங்க அக்கா."

கேதீஸ்வரி கதவைச் சாத்தி, பூட்டில் திறப்பை இரண்டு தரம் திருப்பினாள்.