பால்தேத்தண்ணி நிற எண்ணெய்

நாற்பத்தொரு மணித்தியாலமாக எங்கள் உழவு இயந்திரம் சுருவில் ஊர் வயலின் நடுவில் நின்றது. முன்சில்லுகள் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அப்பாவும் சாரதி இலட்சுமணன் அண்ணையும் சேர்ந்து ஸ்ரியறிங்கைப் பிடித்து இழுத்தால் ஒரு சாண் அசையும். அதற்கு மேல் இல்லை.

அன்று செவ்வாய். வியாழன் மழை என்று வானிலை அறிக்கை சொன்னது. மண் புழுதியாக இருக்கும்போதே உழுது விதைக்க வேண்டும். நனைந்துவிட்டால் விதைநெல் மூடையிலேயே கிடக்கும்.

முதலில் ரயரைச் சந்தேகித்துக் காற்றடித்தோம். பிறகு முன்னச்சின் மூட்டுகளுக்கெல்லாம் கிறீஸ் வைத்தோம். மாற்றமில்லை. ஜக் போட்டு முன்பக்கத்தை உயர்த்தியபோது சில்லுகள் லேசாகத் திரும்பின.

"அப்ப இரும்பில பிழையில்லை," என்றார் அப்பா. "எண்ணெய்ப் பக்கம்தான்."

எண்ணெய் மட்டம் சரியாக இருந்தது. ஆனால் இயந்திரத்தை ஓடவிட்டு ஸ்ரியறிங்கைத் திருப்பினால் அதற்கு எண்ணெய் தள்ளும் பம்ப் முனகியது. காற்றுப் புகுந்திருக்கும் என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது தரம் திருப்பினார்கள். முனகல் கூடியது. அப்பா கையிலிருந்த ஸ்பனரை வீசி எறிந்தார். பிறகு மண்கட்டிகளுக்குள் அதைத் தேடிப் பத்து நிமிடம் மூவரும் குனிந்து திரிந்தோம்.

பதினொரு மணிக்கு ஊர்காவற்றுறையிலிருந்து மெக்கானிக் றொபின்சன் வந்தார்.

"குலசிங்கண்ணை, என்னென்ன கழட்டினீங்கள்?" அப்பாவைக் கேட்டார்.

"எல்லாம்தான்."

"அப்ப எனக்கு வேலையில்லை. தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போறன்."

அப்பா சிரிக்கவில்லை. றொபின்சன் ஸ்ரியறிங் எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் திறந்து ஒரு ஈர்க்கை விட்டு எடுத்தார். நுனியில் மண்ணிற நுரை ஒட்டியிருந்தது.

"தேத்தண்ணி இங்கேயே கிடக்கு. பாலும் விட்டிருக்கு," என்றார். "எண்ணெய்க்குள்ள தண்ணி போயிருக்கு, அண்ணை."

அப்பா மெல்லத் திரும்பி இலட்சுமணன் அண்ணையைப் பார்த்தார். போன வருடம் அவர் அப்பாவுக்குச் சொல்லாமல் இயந்திரத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் தன் மைத்துனரின் வள்ளத்தை இழுத்துக் கரையேற்றியவர்.

"திரும்பவும் கடலுக்க இறக்கினீரோ?"

அதுவரை அப்பா அவரை உரிமையோடு 'நீ' என்றுதான் கூப்பிடுவார்; 'நீர்' என்றால் தள்ளிவைப்பது.

"இல்லையண்ணை. அந்த ஒருக்காத்தான்."

"அப்ப தண்ணி ஆகாயத்தால வந்ததோ? மழைகூட இன்னும் பெய்யேல்லை."

"என்ர பிள்ளையளாண, நான் இறக்கேல்லை."

அவர் இறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும்.

சனிக்கிழமை அப்பா என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி ஸ்ரியறிங்குக்கு மூன்று லீற்றர் புது எண்ணெய் வாங்கச் சொன்னார். சில்லறை எண்ணெய்க்குக் கான் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். லொறிப் பவுசரில் வரும் நல்ல தண்ணீர் பிடிக்கும் கான் ஒன்றை எடுத்துக் குடத்துக்குள் கவிழ்த்தேன். குடம் நிரம்பிய பிறகும் அடியில் அரை லீற்றர் மிஞ்சியது. கிணறெல்லாம் உவரான எங்கள் ஊரில் நல்ல தண்ணீரை ஒருவரும் நிலத்தில் ஊற்றுவதில்லை. பஸ்ஸில் குடிக்கலாம் என்று கானோடு கொண்டுபோனேன். பஸ்ஸில் இடமில்லை. நின்றபடி ஆட்களுக்கு நடுவே கானைத் தூக்கிக் குடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. கடையிலும் எல்லோரும் ஆண்கள். கடைக்காரர் கானை வாங்கிப் புனலை வைத்துவிட்டார். "பொறுங்கோ" என்று சொல்ல வாய் எடுத்தேன். எண்ணெய் இறங்கிவிட்டது.

தண்ணீர் அடியில்தான் நிற்கும், கடைசி எண்ணெயை ஊற்ற வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லலாம் என நினைத்துக்கொண்டேன். ஞாயிறு காலை நான் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அவர் பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் கானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். தாங்கியிலும் தண்ணீர் அடியில்தான் நிற்கும் என்று சொல்லாமல் விட்டேன்; எண்ணெயையும் தண்ணீரையும் பம்ப் சேர்த்துக் கடைந்துவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை.

"கம்பஸ் பிள்ளையைக் கேளுங்கோவன்," என்றார் றொபின்சன், பல்கலைக்கழகத்தில் படித்த என்னைக் காட்டி. "எண்ணெயும் தண்ணியும் சேராதெண்டுதானே அங்க படிப்பிச்சவை."



"இப்ப என்ன செய்யிறது?" அப்பா கேட்டார்.

"உப்புத் தண்ணியெண்டால் பம்புக்குள்ள கறள் பிடிச்சிருக்கும். கழட்டி யாழ்ப்பாணம் கொண்டுபோகவேணும். நாலு நாள்."

"நல்ல தண்ணியெண்டால்?" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டேன்.

"நல்ல தண்ணியெண்டால் வடிச்சுப்போட்டு, புது எண்ணெயால ரெண்டு தரம் கழுவினால் பின்னேரமே உழலாம். ஆனால் நல்ல தண்ணியை ஆர் பிள்ளை மெசினுக்க விடுறது? குடிக்கவே காணாது."

அப்பா தலைக்குக் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"கழட்டு," என்றார் றொபின்சனிடம். பிறகு இலட்சுமணன் அண்ணையின் பக்கம் திரும்பாமலே, "நாளையில இருந்து நீர் வரவேண்டாம்."

இலட்சுமணன் அண்ணை இயந்திரத்தின் பெட்டியிலிருந்து தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து சைக்கிளில் கொழுவினார். பதினொரு வருடம் எங்கள் வயலை உழுதவர். என்னைக் கடக்கும்போது, "வாறன் தங்கச்சி," என்றார், வழக்கம்போல.

றொபின்சன் பம்பின் முதல் நட்டில் ஸ்பனரை வைத்தார். அது இறுகிப்போயிருந்தது. அவர் சுத்தியலுக்குக் கை நீட்டினார். நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

"என்ன பிள்ளை?"

வரம்பில் ஏறிக்கொண்டிருந்தவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்பா, அண்ணை கடலுக்க இறக்கேல்லை. நான் எண்ணெய் வாங்கின கானுக்குள்ள குடிக்கிற தண்ணி இருந்தது."