கண்டாத்தோவின் நீளத் துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியின் விலையில் மூன்று பன்றிகள் என்னுடையவை. நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் ஒருத்தனிடமிருந்து நான் வாழ்க்கைப்பட்ட குங்கலா குலத்து ஆண்கள் அதை வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு பன்றி அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். என் புருஷன் கண்டாத்தோ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். நான் பிறந்தது இப்பால் குலம். அந்தத் துப்பாக்கி வாங்கப்பட்டதே இப்பால்காரர்களைச் சுடத்தான்.

புதன்கிழமை மதியம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது அவன் என் சிவப்புக் கம்பளியைக் கேட்டான். எதற்கு என்றேன். குளிருகிறது என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, குறி பார்த்துச் சுடத்தான் வரும். கம்பளியைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் நுழையக் கூடாத ஆண்கள் வீட்டுக்குள் போனான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு குலமும் ஆயுதங்களை ஒப்படைப்பதாகப் பேச்சு. சமாதானக் கமிட்டிக்காரர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நண்பகலுக்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் வழக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வருவார், எரிந்துபோன ஆஸ்பத்திரிக்குக் கூரை வரும். நண்பகலுக்குப் பிறகு யார் கையில் இருந்தாலும் ஜெயில். வாய்க்கால் தகராறில் ஆரம்பித்த சண்டை, இரண்டு வருடத்தில் பதினோரு பேரை விழுங்கியிருந்தது. எங்கள் பக்கம் அண்டை வீட்டில் மட்டும் இரண்டு பேர். அதில் ஒருத்தன் கிழங்கு தோண்டப் போனவன். கையில் குச்சிதான் இருந்தது.

கொடுக்கப்போவது என்ன என்று புதன்கிழமை சாயங்காலமே பார்த்துவிட்டேன். தண்ணீர்க் குழாயில் செய்த ஐந்து நாட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து ஆண்கள் வீட்டு வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். எதிரியைவிடச் சுடுகிறவனின் விரலைத்தான் அவை அதிகம் பறித்திருக்கின்றன. லாரிக்காரனிடம் வாங்கிய நீளத் துப்பாக்கி என் கம்பளிக்குள் போய்விட்டது.

வியாழன் காலை சாலையோரச் சந்தைக்குப் போனேன். ஆண்கள் சுட்டுக்கொண்டாலும் அந்தச் சந்தையில் இரண்டு குலத்துப் பெண்களும் முதுகோடு முதுகு உட்கார்ந்து விற்போம். என் அண்ணன் திமுனின் மனைவி ரெபோனா வேர்க்கடலைக் கட்டுகளை அடுக்கியபடி, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"எங்க பெரிய துப்பாக்கி நாளைக்கு வந்துடும். ஆம்பளைங்க யாருக்கும் மனசு இல்ல. உங்க அண்ணன்தான் ஒத்தக் கால்ல நின்னாரு. என் தங்கச்சி வாழுற எடம், ஏமாத்த மாட்டாங்கன்னு எல்லாருக்கும் வாக்குக் குடுத்திருக்காரு."

நான் வாயைத் திறந்தேன். ஒரு வார்த்தை போதும். ரெபோனா மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியிருப்பாள், அண்ணன் பிழைத்துக்கொள்வான். அவர்கள் துப்பாக்கியும் மைதானத்துக்கு வராமல் பிழைத்துக்கொள்ளும். நான் இரண்டு கட்டு வேர்க்கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை. பன்றிகளுக்கு இரண்டு தடவை தீனி வைத்தேன். முற்றாத கிழங்கைத் தோண்டினேன். சமைக்கப் போட்ட கீரை கரிந்தது. கடைசியில் பொறுக்கமுடியாமல் கண்டாத்தோவிடமே கேட்டேன்.

"எல்லாத்தையும் குடுத்துடுய்யா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"குடுத்துட்டு? அவனுங்க ஒளிச்சு வச்சுட்டா?"

"ஒளிக்க மாட்டாங்க."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் நாளை வெறுங்கையோடு நிற்கும் என்று நான் சொல்லக் கூடாது. "சரி, அவங்க நெசமாவே குடுத்துட்டா?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் அடுப்பைப் பார்த்தான். விறகைத் தள்ளிவிட்டு, "லெம்போ என்ன சொல்றாரோ அதான்" என்றான். லெம்போ எங்கள் குலத்துக்குப் பெரியவர். அவருடைய இரண்டு மகன்களை இப்பால்காரர்கள் சுட்டிருந்தார்கள். அவர் என்ன சொல்வார் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. சனிக்கிழமை என் அண்ணன் உயிரோடு இருக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் அத்தனை கூட்டம். கமிட்டியின் ஆள் ஹெனாவோ கடற்கரைக்காரர், எங்கள் மலை வழக்கம் தெரியாதவர். சேறு ஒட்டிய சப்பாத்தோடு ஜெனரேட்டரை உதைத்துக் கிளப்பினார். இரும்பு அறுக்கும் எந்திரம் வீறிட்டது. குங்கலா ஆண்கள் ஒரு பக்கம், இப்பால் ஆண்கள் எதிர்ப்பக்கம். பெண்கள் எல்லாரும் வேலியோரம். என் கண் கண்டாத்தோவைத் தேடியது. அவன் ஆட்களோடு இல்லை. மைதானத்து ஓரத்தில், கோரைப்புல்லுக்குள் ஒரு கரும்புக்கட்டைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். இப்பால்காரர்கள் ஏமாற்றினால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். கரும்புச் சோகைக்கு அடியில் என் கம்பளியின் சிவப்பு தெரிந்தது.

இப்பால்காரர்கள் முதலில் வந்தார்கள். திமுன் துப்பாக்கியை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து மேசையில் வைத்தான். எந்திரம் அதன் கழுத்தில் இறங்கியது, பொறி பறந்தது, இரண்டு துண்டு, மூன்று துண்டு. திமுன் அதைப் பார்க்காமல் பெண்கள் பக்கம் பார்த்தான். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினான். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

பிறகு லெம்போ எழுந்து ஐந்து குழாய்களையும் மேசையில் வைக்கச் சொன்னார். எங்களிடம் இவ்வளவுதான், ஏழைகள் நாங்கள் என்றார். இப்பால் பக்கம் சலசலத்தது. திமுனின் முகம் மாறியது.

நான் எழுந்தேன். ரெபோனா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள், உதறிவிட்டேன். மைதானத்தின் நடுவே நடந்தேன். பெண்கள் அப்படி நடப்பதில்லை என்பதால் எல்லாத் தலைகளும் என்னோடு திரும்பின. கண்டாத்தோவுக்குக் கடைசிப் பத்தடியில்தான் புரிந்தது.

"வேணாம்டி," என்றான். மிரட்டவில்லை, கெஞ்சினான்.

கரும்புக்கட்டைக் காலால் தள்ளிவிட்டு, பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, கம்பளியை ஒரு தடவை தாண்டினேன். திரும்பி நின்று இன்னொரு தடவை தாண்டினேன்.

பெண் தாண்டிய வில்லையும் அம்பையும் எங்கள் ஆண்கள் தொடமாட்டார்கள். குறி தப்பும், தொட்டவன் உடம்பு உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும் என்பார்கள். அரிவாள் கிடந்தாலும் சுற்றிப் போ, அம்பு கிடந்தாலும் சுற்றிப் போ என்று பிறந்ததிலிருந்து எங்களை விரட்டியவர்கள். துப்பாக்கி வந்ததும் அதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. அதை நம்புகிறேனா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அவர்கள் நம்புகிறார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது.

கண்டாத்தோ நெருப்பு பட்டவன்போல் பின்னால் நகர்ந்தான். ஹெனாவோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதில் என்ன இருக்கிறது, யாராவது எடுத்து வாருங்கள் என்று ஆண்களைப் பார்த்துச் சொன்னார். இரண்டு குலத்திலும் ஒருத்தன் அசையவில்லை. நானே குனிந்து எடுத்தேன். தூக்க முடியாத கனம். மேசை வரைக்கும் ஆண்கள் விலகி விலகி வழிவிட்டார்கள். என் அண்ணனும் விலகினான்.

எந்திரம் அறுத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

கண்டாத்தோ அடிக்க வருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நாலடி தள்ளி நின்று, "உன் கையால அவிச்ச கிழங்கை இனி நான் தொடமாட்டேன்" என்றான். எங்கள் ஊரில் பெண்டாட்டியைத் தள்ளிவைக்க அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருஷம் ஒரே அடுப்பில் தின்றவன். அழுகை வந்தது, அழுதேன்.

கூட்டம் கலைந்தபோது திமுன் வந்தான். பக்கத்தில் வரவில்லை, அவனும் நாலடி தள்ளித்தான் நின்றான்.

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

"புதன்கிழமையிலேருந்து."

"நேத்து ரெபோனாவைப் பார்த்தியே. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல? நான் செத்திருப்பேன், தோர்க்காஸ்."

"சொல்லியிருந்தா, உங்க துப்பாக்கி இந்த மேசைக்கு வந்திருக்குமா அண்ணே?"

அவன் மேசையைப் பார்த்தான். எது அவர்களுடைய துண்டு, எது எங்களுடையது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. "வந்திருக்காது" என்றான்.